குக்கரைத் தூக்கிப் போட்டோம், ரோஸ் மருந்தை விட்டுவிட்டோம்

பெரியப்பாவுக்கு டயாலிசிஸ் தொடங்கிய வாரத்தில், பெரம்பூர் வீட்டுச் சமையலறையில் ஒரு பெரிய களையெடுப்பு நடந்தது. சொந்தக்காரர் ஒருவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்திதான் காரணம். அலுமினியம் மெல்லக் கொல்லும் நஞ்சாம். வெள்ளைக்காரன் ஜெயில் கைதிகளை ஒழித்துக்கட்டத்தான் அலுமினியத் தட்டைக் கொண்டுவந்தானாம். பெரியம்மா அதைப் படித்துவிட்டு இருபது வருடம் உழைத்த குக்கர், இட்லிக் குண்டான், பால் பாத்திரம் மூன்றையும் தெருமுனைக் காயலான் கடையில் எடைக்குப் போட்டுவிட்டு வந்தார். கனமான குக்கர். கடைக்காரர் முகத்தில் நல்ல சந்தோஷம்.

அதே சமயம் பெரியப்பாவின் தலைமாட்டில், தண்ணீர்ச் சொம்புக்குப் பக்கத்தில், ரோஸ் கலர் கேஸ் மருந்து ஒரு பாட்டில் இருந்தது. நெஞ்செரிச்சலுக்கு வருடக்கணக்காகக் குடித்து வந்தது. லேபிளின் முதல் வரியே 'அலுமினியம் ஹைட்ராக்சைடு'. இரண்டு மாதம் அது யார் கண்ணிலும் படவில்லை, என் கண்ணிலும்தான்.

அலுமினியம் நஞ்சா, இல்லையா என்று ஒரே வரியில் கேட்டால் ஒழுங்கான பதில் கிடைக்காது. அது எந்த வழியாக உடம்புக்குள் போகிறது, போனதை வெளியே தள்ளச் சிறுநீரகம் வேலை செய்கிறதா, இந்த இரண்டையும் சேர்த்துக் கேட்டால்தான் பதில் வரும். நம் வீடுகளில் எல்லோரும் பாத்திரத்தை மட்டும் பார்க்கிறோம்.

முதலில் அந்த ஜெயில் கதையை முடித்துவிடலாம், ஏனென்றால் உண்மைக் கதை நம்ம ஊரிலேயே இருக்கிறது. எழும்பூர்ப் பக்கமிருந்து சென்ட்ரலை நோக்கிப் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் வந்தால் பெரியமேட்டில் அரசு கவின்கலைக் கல்லூரியின் சிவப்புக் கட்டடம் தெரியும். 1850-ல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் தொடங்கிய கலைப்பள்ளி அது. 1898-ல் அங்கே ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்ற பொறியியல் பேராசிரியர் அலுமினியத் தகட்டில் பாத்திரம் செய்து பார்க்கும் பட்டறை ஒன்றைத் தொடங்கினார். அதற்குப் பன்னிரண்டு வருடம் முன்பு, 1886-ல்தான், அமெரிக்காவிலும் பிரான்சிலும் இரண்டு பேர் தனித்தனியாக மின்சாரத்தைக் கொண்டு மலிவாக அலுமினியம் பிரிக்கும் முறையைக் கண்டுபிடித்திருந்தார்கள். அதற்கு முன் அது வெள்ளியோடு வைத்துப் பேசப்பட்ட விலை உயர்ந்த உலோகம். விலை சரிந்ததும் தகடு கப்பலேறி மதராஸ் வந்து இறங்கியது. 1900-ல் எர்ட்லி நார்ட்டன் என்ற புகழ்பெற்ற வழக்கறிஞரின் முயற்சியில் இங்கே இந்தியன் அலுமினியம் கம்பெனி உருவானது. 1903-ல் கலைப்பள்ளிப் பட்டறை அதன் கைக்கு மாறியது. இந்திய அலுமினியப் பாத்திரத் தொழில் பிறந்த இடம் பெரியமேடு என்று தாராளமாகச் சொல்லலாம். செம்பு, பித்தளை மாதிரி களிம்பு ஏறாது, மாசாமாசம் ஈயம் பூச ஆள் தேட வேண்டாம், தூக்கவும் லேசு. அந்தக் காலத்துக்கு இதுதான் 'ஆரோக்கியமான' பாத்திரம். கைதிகளைக் கொல்லும் சதிக்கு இதில் எங்கேயும் இடம் தெரியவில்லை.

சரி, உடம்புக் கணக்கு.

பூமியின் மேலோட்டில் எடைக்கு எடை ஏறத்தாழ 8 சதவீதம் அலுமினியம்தான். மண்ணில் இருப்பதால் கீரையில் இருக்கும், தானியத்தில் இருக்கும், நீலகிரித் தேயிலையில் நிறையவே இருக்கும். தேயிலைச் செடி மண்ணிலிருந்து அதை இழுத்து இலையில் சேர்த்துக்கொள்ளும் ரகம். பாத்திரமே இல்லாமல் வாழ்ந்தாலும் அலுமினியம் சாப்பிடாமல் வாழ முடியாது. ஐரோப்பியக் கணக்குப்படி ஒருவர் உணவில் நாளொன்றுக்கு 1.6 முதல் 13 மில்லிகிராம் வரை போகிறது. ஆனால் நம் குடல் இதில் படுகஞ்சம். ஆயிரம் பங்கு உள்ளே போனால் ஒரு பங்கு, மிஞ்சினால் மூன்று பங்குதான் ரத்தத்தைத் தொடுகிறது. மற்றதெல்லாம் காலையில் வெளியே போய்விடும். ரத்தத்துக்கு வந்ததிலும் பெரும்பகுதியைச் சிறுநீரகம் வடிகட்டி அனுப்பிவிடுகிறது. தப்பித் தங்குவது எலும்பிலும், கொஞ்சம் நுரையீரலிலும் மூளையிலும் சேர்கிறது. நல்ல ஆரோக்கியமான பெரியவர் உடம்பில் மொத்தமாகவே 30 முதல் 50 மில்லிகிராம்தான் இருக்கும், அதில் பாதி எலும்பில்.

உலக சுகாதார நிறுவனமும் உணவு விவசாய அமைப்பும் சேர்ந்து நடத்தும் நிபுணர் குழு 2011-ல் சொன்ன வரம்பு, ஒரு கிலோ உடல் எடைக்கு வாரத்துக்கு 2 மில்லிகிராம். 60 கிலோ ஆளுக்கு வாரம் 120 மில்லிகிராம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2008-ல் இதில் பாதியைத்தான் வைத்தது. இந்த 120 என்ற எண்ணைக் கொஞ்சம் ஞாபகத்தில் வையுங்கள், கடைசியில் பாட்டிலுக்கு வரும்போது தேவைப்படும்.

இனி அடுப்படி. அலுமினியத்தின் மேல் காற்றுப்பட்ட நொடியில் ஒரு மெல்லிய ஆக்சைடு படலம் உருவாகிவிடும். அதுதான் கவசம். அதிகப் புளிப்பிலும் அதிகக் காரத்தன்மையிலும் அது கரையும். காரத்தன்மை என்றால் மிளகாய்க் காரம் அல்ல, சோடா உப்பு மாதிரி. உப்பும் அரிக்கும். அரிசி வேகவைப்பது, பருப்பு வேகவைப்பது, பால் காய்ச்சுவது, இட்லிக் குண்டானில் அடியில் தண்ணீர் கொதிப்பது, இதிலெல்லாம் கரைவது அற்பம். வத்தக்குழம்பு, ரசம், தக்காளித் தொக்கு, புளிக்காய்ச்சல் வேறு கதை. அதிலும் சமைக்கும் அரை மணி நேரத்தைவிட, இறக்கிவைத்த குழம்பு அதே பாத்திரத்தில் ராத்திரி முழுக்கக் கிடப்பதுதான் அதிகம் கரைக்கும். ஊறுகாய், மோர், புளித்த மாவு இதையெல்லாம் நம் பாட்டிமார் ஜாடியிலும் கல்சட்டியிலும் வைத்தது சும்மா அல்ல.

ஒரு காட்சியை எல்லா வீட்டிலும் பார்க்கலாம். போர்த் தண்ணீர் ஊற்றிய குக்கர் உள்ளே கன்னங்கரேலென்று கருத்திருக்கும். அதைக் கண்டு பயந்து புளியோ எலுமிச்சைத் தோலோ போட்டுக் கொதிக்கவிட்டால் புதுசு போல மின்னும். கருப்புதான் விஷம், பளபளப்புதான் சுத்தம் என்று நினைக்கிறோம். நடப்பது நேர் எதிர். அந்தக் கருப்பு, தண்ணீரின் உப்புகளோடு சேர்ந்து தடித்த அதே ஆக்சைடு கவசம். அதனால் கெடுதல் இல்லை, அது இருக்கும்வரை உலோகம் கரைவதும் குறைவு. கருத்த குக்கரில் ஒரு நாள் தக்காளி வதக்கிப் பாருங்கள், தானாகப் பளிச்சென்று ஆகிவிடும். அந்தக் கருப்பு எங்கே போனது? குழம்புக்குள்தான்.

அப்படியே போனாலும், நல்ல சிறுநீரகம் உள்ளவருக்கு அது வார வரம்பை எட்டிப் பிடிப்பது சிரமம். புளிப்பை எவர்சில்வருக்கோ மண்சட்டிக்கோ மாற்றினால் போதும். குக்கரைத் துரத்த வேண்டியதில்லை. ஹார்டு அனோடைஸ்டு பாத்திரத்தில் அந்தக் கவசத்தையே தொழிற்சாலையில் தடிமனாக வளர்த்து வைத்திருப்பார்கள், அதில் கரைவது இன்னும் குறைவு. ஹோட்டல் சாம்பார் வருகிற சில்வர் கவரைப் பார்த்துப் பயப்படுகிறவர்களும் உண்டு. அதில் சாம்பாரைத் தொடுவது உள்பக்கத்துப் பிளாஸ்டிக் படலம், அலுமினியம் அல்ல. சுடச்சுட சாம்பாரைப் பிளாஸ்டிக்கில் ஊற்றுவது வேறொரு வழக்கு.

பாத்திரத்தில் நிஜமாகவே கவலைப்பட ஒன்று இருக்கிறது. அது அலுமினியம் அல்ல.

நம் பேச்சில் அலுமினியத்துக்குப் பெயர் ஒழுங்காக அமையவில்லை. நிறைய வீடுகளில் அதை 'ஈயப் பாத்திரம்' என்பார்கள். ரசம் வைக்கும் ஈயச்சொம்பில் உள்ளது வெள்ளீயம். மூளையைக் கெடுப்பது காரீயம். ஈயம் என்ற ஒரே சொல்லில் மூன்றும் அடங்கிவிட்டன. தவறாகச் சொன்ன அந்தப் பெயர் இப்போது சில பாத்திரங்களில் பலித்துவிட்டது என்பதுதான் வேதனை. காயலான் கடையில் சேரும் அலுமினியம் தனித்தனியாகப் பிரிக்கப்படுவதில்லை. பழைய எஞ்சின் பாகம், ரேடியேட்டர், மின்சாதனத் துண்டு எல்லாம் ஒரே உலையில் உருகினால் காரீயமும் காட்மியமும் சேர்ந்துதான் வரும். அந்தக் குழம்பை மணல் அச்சில் வார்த்தால் கடாய், தேய்த்து மெருகேற்றினால் பளபளப்பு. கண்ணால் பார்த்து யாரும் கண்டுபிடிக்க முடியாது.

இது வெறும் ஊகம் அல்ல. 2017-ல் வெளிவந்த ஓர் ஆய்வில் இந்தியா உட்பட பத்து வளரும் நாடுகளிலிருந்து 42 அலுமினியப் பாத்திரங்களை வாங்கி, மென்மையான அமிலக் கரைசல் ஊற்றிக் கொதிக்கவைத்துப் பார்த்தார்கள். மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவை கவலைப்படும் அளவுக்குக் காரீயத்தைக் கக்கின. அமெரிக்காவில் சியாட்டிலைச் சுற்றியுள்ள கிங் கவுன்ட்டியில், ஆப்கன் அகதிக் குடும்பங்களின் குழந்தைகள் ரத்தத்தில் காரீயம் ஏன் கூடியிருக்கிறது என்று தேடிப் போனவர்கள் கடைசியில் நின்ற இடம், அவர்கள் ஊரிலிருந்து கொண்டுவந்த அலுமினியக் குக்கர். 2025 ஆகஸ்டில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் காரீயம் கரையும் இறக்குமதிப் பாத்திரங்கள் பற்றி எச்சரித்தபோது அலுமினியம், பித்தளை ஆகியவற்றோடு நம் வீட்டுப் பெயர் ஒன்றையும் சொன்னது: இண்டாலியம். இண்டாலியம் என்றாலே கெட்டது என்று இதற்கு அர்த்தம் அல்ல. மக்னீசியம், மாங்கனீசு போன்றவை கலந்த நல்ல கலப்புலோகத்துக்குத்தான் அந்தப் பெயர் வந்தது. பெயர் நிலைத்துவிட்டது, அதன் கீழ் விற்கப்படும் சரக்கு எல்லாம் ஒன்றல்ல.

அலுமினியத்தைக் கைவிட்டுப் 'பாரம்பரியம்' என்று பித்தளைக்குத் தாவுகிறவர்களுக்கும் ஒரு சொல். பித்தளையில் கடைசல் சுலபமாக வரவேண்டும் என்று காரீயம் சேர்ப்பது பழைய வழக்கம். ஈயத்தைப் பார்த்து இளித்ததாம் பித்தளை என்று சொன்னவர்களுக்கு அது எதைப் பார்த்து இளித்தது என்று தெரிந்திருக்கும் போல.

காரீயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை, குழந்தைகளின் மூளைக்கு அது நேரடி எதிரி. ஆகவே பாத்திரம் வாங்கும்போது கேட்க வேண்டியது அலுமினியமா என்பதல்ல, எந்த அலுமினியம் என்பதுதான். 2024 மார்ச்சில் மத்திய அரசு எவர்சில்வர், அலுமினியச் சமையல் பாத்திரங்களுக்கு ஐஎஸ்ஐ முத்திரையைக் கட்டாயமாக்கி ஆணை பிறப்பித்தது. குக்கருக்கு அது முன்பே கட்டாயம். சவுகார்பேட்டை மிண்ட் தெருவில் எடைபோட்டு விற்கும் பாத்திரங்களைப் புரட்டிப் பாருங்கள். சிலவற்றில் முத்திரை இருக்கும், சிலவற்றில் அடியில் பூப்போட்ட கம்பெனிப் பெயர் மட்டும் இருக்கும். இருபது ரூபாய் வித்தியாசத்துக்காக இரண்டாவதை எடுக்காதீர்கள்.

இப்போது டயாலிசிஸ். அலுமினியம் மனிதரைக் கொன்ற கதை சமையலறையில் நடக்கவில்லை, இங்கேதான் நடந்தது.

1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் டென்வரில் ஆலன் ஆல்ஃப்ரே என்ற மருத்துவர், வருடக்கணக்காக டயாலிசிஸ் செய்துகொண்டிருந்த சிலரிடம் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார். முதலில் பேச்சு தடுமாறும், அதுவும் டயாலிசிஸ் முடிந்த கையோடு அதிகமாக. பிறகு கை கால் வெட்டி இழுக்கும், ஆளின் குணமே மாறும், வலிப்பு வரும், சில மாதங்களில் மரணம். 1976-ல் அவர் குழு இறந்தவர்களின் மூளைத் திசுவை அளந்து வெளியிட்டது. சாதாரண மூளையில் இருப்பதைப் போலப் பத்து மடங்குக்கும் மேல் அலுமினியம். அதே காலத்தில் இங்கிலாந்தின் நியூகாசிலில் டயாலிசிஸ் நோயாளிகளுக்கு எலும்பு பொடிந்து முறிந்துகொண்டிருந்தது. இரும்புச்சத்து கொடுத்தும் சரியாகாத ரத்தசோகையும் கூடவே இருந்தது. மூன்றுக்கும் காரணம் ஒன்றுதான்.

எப்படி வந்தது? குழாய்த் தண்ணீரில். ஏரித் தண்ணீரில் கலங்கல் தெளியப் படிகாரம் போடுவது உலக வழக்கம். செம்பரம்பாக்கத்திலும் புழலிலும் சுத்திகரிப்பு நிலையங்களில் அதுதான் நடக்கிறது. கிராமத்தில் சீனாக்காரம் என்பார்கள், சலூனில் சவரம் முடிந்ததும் கன்னத்தில் தேய்க்கும் அதே கல்லின் உறவு. அது அலுமினிய உப்பு. படிகாரம் மண்துகள்களைக் கட்டியாக்கிக்கொண்டு அடியில் இறங்கிவிடும், மிச்சம் கொஞ்சம் தண்ணீரில் தங்கும். இந்தியத் தர நிர்ணயம் குடிநீரில் லிட்டருக்கு 0.03 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது, வேறு வழியில்லை என்றால் 0.2 வரை விடலாம். உலக சுகாதார நிறுவனம் உடல்நலத்தை மட்டும் வைத்துக் கணக்கிட்ட வரம்பு 0.9. குடிக்கிறவருக்கு இதில் ஆபத்து இல்லை. 0.2 என்றே வைத்தாலும் இரண்டு லிட்டருக்கு 0.4 மில்லிகிராம், அதிலும் குடலைத் தாண்டுவது ஆயிரத்தில் மூன்று.

டயாலிசிஸில் குடல் கிடையாது. நிமிடத்துக்கு 500 மில்லி வீதம் நான்கு மணி நேரத்தில் 120 லிட்டர் தண்ணீர், ஒரு மெல்லிய சவ்வுக்கு அந்தப் பக்கம் நோயாளியின் ரத்தத்தை உரசிக்கொண்டு ஓடுகிறது. வாரம் மூன்று முறை என்றால் 360 லிட்டர். சவ்வைத் தாண்டி வந்த அலுமினியம் ரத்தத்தில் டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும், பிறகு திரும்பிப் போகாது. வெளியேற்ற வேண்டிய சிறுநீரகமோ ஏற்கெனவே படுத்துவிட்டது. குடிக்க அமிர்தமான தண்ணீர் இப்படித்தான் நஞ்சானது. அதனால்தான் டயாலிசிஸ் தண்ணீருக்குச் சர்வதேச வரம்பு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம், குடிநீரின் உச்ச வரம்பில் இருபதில் ஒரு பங்கு. ஆர்.ஓ. இயந்திரங்கள் பரவிய பின் அந்த நோய் அநேகமாக மறைந்தது.

அநேகமாகத்தான், முழுதாக அல்ல. 1996-ல் கரீபியக் கடலில் உள்ள குராசோ தீவில், உள்ளே சிமென்ட் பூசிய புதுத் தண்ணீர்க் குழாய் ஒன்றைப் பதித்தார்கள். கடல்நீரிலிருந்து எடுத்த, உப்பே இல்லாத தண்ணீர் அந்தச் சிமென்ட்டைக் கரைத்தது. சிமென்ட்டில் அலுமினியம் உண்டு. டயாலிசிஸ் மையத்தில் பத்துப் பேர் இறந்தார்கள். நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஊரில், ஏரி வற்றினால் லாரித் தண்ணீரை நம்பும் ஊரில் இருந்துகொண்டு இதைப் படிக்கும்போது கொஞ்சம் நிமிர்ந்து உட்காரத் தோன்றுகிறது. மார்கழியில் ஏரித் தண்ணீர், சித்திரையில் லாரி, நடுவில் போர். நம் மையங்களின் பின்னறையில் இருக்கும் ஆர்.ஓ. எதற்கும் தயாராக இருக்க வேண்டும்.

ஆல்ஃப்ரேயின் கண்டுபிடிப்பு இன்னொரு கதையையும் ஊதிவிட்டது, அல்சைமர் என்ற மறதி நோய். 1965-ல் முயல் மூளையில் அலுமினிய உப்பை ஊசியில் ஏற்றியபோது நரம்புச் செல்களுக்குள் சிக்கு விழுந்ததைப் பார்த்தார்கள். 1973-ல் அல்சைமர் நோயாளிகளின் மூளையில் அலுமினியம் கூடியிருப்பதாக கனடாவிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. இரண்டையும் சேர்த்துப் பத்திரிகைகள் தலைப்புப் போட்டன, நம் ஊர் வரை வந்து சேர்ந்தது. ஆனால் முயலின் சிக்கு வேறு வடிவம், மனிதரின் சிக்கு வேறு வடிவம். அலுமினியம் குவிந்து இறந்த டயாலிசிஸ் நோயாளிகளின் மூளையில் இருந்ததும் அல்சைமர் நோயின் அடையாளங்கள் அல்ல. சில ஆய்வுகளில் கூடுதலாகத் தெரிந்த அலுமினியம், சாயத்திலும் ஆய்வகத் தூசியிலும் இருந்து வந்தது. தென்மேற்கு பிரான்சில் முதியவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வு, குடிநீரில் அலுமினியம் கூடுதலாகப் போனவர்களிடம் மறதி நோய் அதிகம் என்றது. வேறு இடங்களில் அப்படித் தெரியவில்லை. மூளைக்கு அலுமினியம் ஆகாது என்பது நிச்சயம். வீட்டுப் பாத்திரம்தான் அல்சைமருக்குக் காரணம் என்பதற்கு இதுவரை ஆதாரம் இல்லை.

மூச்சு வழியாகப் போவது வேறு விஷயம், அங்கேயும் குடலின் கஞ்சத்தனம் உதவிக்கு வராது. கனடாவின் ஒன்டாரியோ சுரங்கங்களில் 1943 முதல் 1979 வரை, பாறைத்தூசு நோயைத் தடுக்கும் என்று நம்பி, உடைமாற்றும் அறையின் கதவை மூடி நுண்ணிய அலுமினியப் பொடியை ஊதிவிட்டார்கள். தொழிலாளிகள் அதை உள்ளிழுத்த பிறகுதான் கீழே இறங்க வேண்டும். மருந்து என்ற பெயரில்! 2020-ல் அங்கே நடந்த ஆய்வு, அந்தப் பொடியை மூச்சில் வாங்கியவர்களுக்குப் பார்க்கின்சன் என்ற நடுக்க நோய் அதிகம் என்று காட்டியது. 2022-ல் மாகாண அரசு அதைத் தொழில்நோய்ப் பட்டியலில் சேர்த்தது. பின்லாந்தில் அலுமினிய வெல்டர்களிடம், சிறுநீரில் அலுமினியம் கூடக் கூட கவனமும் ஞாபகமும் லேசாக மங்குவதைப் பார்த்திருக்கிறார்கள். அம்பத்தூரிலும் பாடியிலும் ஆர்கான் வெல்டிங் அடிக்கும், பஃபிங் சக்கரத்தில் பாத்திரத்தை மெருகேற்றும் பையன்கள் முகத்தில் கட்டியிருப்பது கைக்குட்டை. அந்தப் புகையின் துகளுக்குக் கைக்குட்டை திறந்த ஜன்னல் மாதிரி. உறிஞ்சும் விசிறியும் சரியான மாஸ்க்கும் வேண்டும். அலுமினியக் குக்கரால் யாருக்கு ஆபத்து என்று கேட்டால், சமைக்கிற பெரியம்மாவைவிட அதைத் தேய்த்துப் பளபளப்பாக்கிய பையனுக்குத்தான் என்பேன்.

மற்றவை சுருக்கமாக. வியர்வை தடுக்கும் டியோடரண்டில் உள்ள அலுமினியம் தோலைத் தாண்டுவது பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான், மார்பகப் புற்றுநோயோடு அதற்குத் தொடர்பு நிறுவப்படவில்லை. தடுப்பூசியில் அலுமினிய உப்பு 1930-கள் முதல் இருக்கிறது, ஒரு ஊசியில் பெரும்பாலும் ஒரு மில்லிகிராமுக்கும் குறைவு. 2025-ல் டென்மார்க்கில் 12 லட்சம் குழந்தைகளின் பதிவேடுகளை வைத்துப் பார்த்ததில் ஆட்டிசம் உட்பட ஆராய்ந்த நோய் எதுவும் அதனால் கூடியதாகத் தெரியவில்லை. அப்புறம், அரிசிக் கிடங்கில் வண்டுக்கு வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை. அது ஆளைக் கொல்லும், மாற்றுமருந்து கிடையாது. ஆனால் அங்கே கொலைகாரன் ஈரம் பட்டதும் கிளம்பும் பாஸ்பீன் வாயு, அலுமினியம் வெறும் வண்டிதான். அது வைத்த அறையில் யாரும் தூங்கக் கூடாது, அவ்வளவுதான்.

இப்போது அந்த ரோஸ் பாட்டில். அலுமினியம் ஹைட்ராக்சைடில் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அலுமினியம். நெஞ்செரிச்சலுக்கு ஒரு நாளில் நான்கைந்து முறை குடிக்கிறவருக்கு நூற்றுக்கணக்கான மில்லிகிராம் போகும். வயிற்றுப்புண்ணுக்குக் கொடுக்கும் சுக்ரால்ஃபேட் சிரப்பில், ஒரு கிராம் மருந்துக்குச் சுமார் 200 மில்லிகிராம் அலுமினியம். வாரத்துக்கு 120 என்று சொன்னேனே, அது ஒரே வேளையில் தாண்டிவிடுகிறது. வத்தக்குழம்பு கரைத்துக் கொடுக்கும் அலுமினியம் இதன் பக்கத்தில் கடுகு. சிறுநீரகம் நன்றாக இருப்பவர் கொஞ்ச நாள் குடித்தால் ஒன்றும் ஆகாது, அந்த மருந்துகள் நல்ல மருந்துகள்தான். சிறுநீரகம் போனவர்களுக்கு ஒரு காலத்தில் இதே அலுமினியம் ஹைட்ராக்சைடைத்தான், ரத்தத்தில் ஏறும் பாஸ்பேட் உப்பைக் கட்டுப்படுத்த, டாக்டர்களே எழுதிக் கொடுத்தார்கள். தண்ணீர் சுத்தமான இடங்களிலும் மூளை நோய் வந்ததற்கு இந்த மருந்துதான் காரணம். இப்போது அதற்கு வேறு மருந்துகள் வந்துவிட்டன.

அதோடு எலுமிச்சை சேர்ந்தால் இன்னும் மோசம். எலுமிச்சையில் உள்ள சிட்ரேட் அலுமினியத்தைக் குடல் சுவரைத் தாண்டிக் கைபிடித்துக் கூட்டிப் போகும். சிட்ரேட் மருந்தையும் அலுமினிய மருந்தையும் சேர்த்து எடுத்த சிறுநீரக நோயாளிகள் இறந்த பதிவுகள் உண்டு. எங்கள் வீட்டில் என்ன நடந்தது தெரியுமா? குக்கர் போன பிறகு உடம்பைச் 'சுத்தம்' செய்ய பெரியம்மா பெரியப்பாவுக்குக் காலையில் அரை டம்ளர் எலுமிச்சைச் சாறு கொடுக்க ஆரம்பித்தார். அது முடிந்ததும் புளிப்பில் நெஞ்செரிகிறது என்று அவர் பாட்டிலைத் திறப்பார்.

மூன்றாம் மாதம் பரிசோதனைக்குப் போனபோது, சாப்பிடும் எல்லா மருந்தையும் எடுத்துவரச் சொன்னார்கள். மாத்திரைகளோடு பாட்டிலையும் பையில் போட்டுக் கொண்டுபோனேன். டாக்டர் அதை மட்டும் எடுத்துத் தனியாக ஓரமாக வைத்துவிட்டு, "இது எத்தனை நாளா?" என்றார். வருஷக்கணக்காக என்றேன். ரத்தத்தில் அலுமினியம் பார்க்க எழுதினார். வேறு கேஸ் மருந்து எழுதினார். எலுமிச்சையை நிறுத்தச் சொன்னார், ரத்தத்தில் பொட்டாசியம் ஏறிவிடும் என்பதற்காகவும்தான் என்றார். ரிசல்ட் கவலைப்படும் அளவுக்கு இல்லை.

வெளியே வரும்போது தண்ணீர் அறையைக் காட்டச் சொல்லிக் கேட்டேன். டெக்னீஷியன் தம்பி கூட்டிப் போனார். மென்னீர்த் தொட்டி, கார்பன் தொட்டி, ஆர்.ஓ. குழாய்கள், சுவரில் ஆணியில் தொங்கும் ஒரு நோட்டுப் புத்தகம். குளோரின், கடினத்தன்மை எல்லாம் நாள்வாரியாக எழுதியிருந்தது. அலுமினியம் எங்கே என்றேன். அது வருடத்துக்கு ஒருமுறை வெளி லேபுக்குப் போகும் என்று ஒரு பிளாஸ்டிக் உறையிலிருந்து தாளை உருவிக் காட்டினார். 0.01-க்குக் கீழ் என்று இருந்தது. "இதை இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல சார்," என்றார், "குக்கர் மாத்தணுமான்னுதான் கேப்பாங்க."